கொட்டகையில நிக்கிற பழைய ஜீப்பை வீட்டிலேயே பிரிக்கலாமா?

கேள்வி, 18 பிப்ரவரி 2023
(திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமம்)

அண்ணே, தாத்தா வாங்கின மஹிந்திரா சிஜே 3பி ஒண்ணு நிக்குது. பெட்ரோல் வண்டியா வந்தது, பிறகு அப்பா பிஜோ டீசல் இன்ஜின் ஏத்தினார். கஜா புயல்ல கொட்டகை சாஞ்சு மேல விழுந்ததோட சரி, அப்புறம் யாரும் தொடல. பட்டறையில கேட்டா “மொத்தமா விட்டுட்டுப் போங்க, பார்த்துச் சொல்றேன்”ங்கிறாங்க. என் கணக்கு இதுதான்: இன்ஜின் மட்டும் கிளம்பிட்டா மத்தது எல்லாம் சில்லறை வேலை, வீட்டிலேயே முடிச்சிடலாம். வீடியோவுல பார்த்தா அப்படித்தான் தெரியுது. சரியா?

பதில், 19 பிப்ரவரி, காலை

இல்ல தம்பி. தலைகீழ். இன்ஜின் கடைசி.

இன்ஜினை முதல்ல கிளப்புறவங்க எல்லாருக்கும் ஒரே வியாதி. சத்தம் கேட்ட அன்னிக்கே தெருமுனை வரைக்கும் ஓட்டிப் பார்க்கணும்னு கை அரிக்கும். நம்ம ஊர்ல தெருமுனைன்னா பாதி இடத்துல வாய்க்கால் கரை. பிரேக் இல்லாத ஜீப்பு முள்ளியாத்துல இறங்கினா கரையேத்த டிராக்டர் வேணும், டிராக்டர்காரன் சொல்ற வாடகையும் வேணும்.

முதல்ல சேஸ், அதாவது வண்டியோட அடிச்சட்டம். சின்னச் சுத்தியல் எடுத்துக்கிட்டு வண்டிக்கு அடியில படுங்க. ஸ்பிரிங் கட்டை பிடிக்கிற இடம், குறுக்குச் சட்டம் சேர்ற மூலை, பாடி உட்கார்ற இடம், எல்லாத்தையும் தட்டுங்க. ‘ணங்’னா நல்லது. ‘டொப்’னா அங்க இரும்பு இல்ல, துருவுக்கு மேல பெயிண்ட் மட்டும்தான் நிக்குது. உங்க பக்கம் உப்புக் காத்து வேற. வேதாரண்யத்துக்கும் உங்களுக்கும் நடுவுல அதைத் தடுக்க மலையா இருக்கு?

பார்த்துட்டு எழுதுங்க. அதுவரைக்கும் ஸ்பேனரைத் தொடாதீங்க.

19 பிப்ரவரி, இரவு

அவசரமா இன்னொண்ணு. சேஸ்ல பொறிச்ச நம்பர் இருக்கிற இடத்துல கிரைண்டர் வைக்கவே கூடாது. கம்பி பிரஷ்ஷும் வேணாம். துணியை டீசல்ல நனைச்சு ஊறவெச்சுத் துடைங்க, கையால தேய்ங்க. எழுத்து தெரிஞ்சதும் பென்சில் பிரிண்ட் எடுத்து வெச்சுட்டு மேல கிரீஸ் தடவி விட்டுடுங்க. அந்த நம்பர் அழிஞ்சா உங்க கிட்ட இருக்கிறது வண்டி இல்ல, எடைக்குப் போடுற சரக்கு.

அப்படியே ஆர்சி புத்தகத்தைத் தேடி எடுங்க. எரிபொருள்னு போட்ட இடத்துல பெட்ரோலா, டீசலா? இன்ஜின் நம்பர் எது? இன்ஜின் மாத்தினதை அப்பா அப்பவே ஆர்சியில ஏத்தி வாங்கியிருந்தா நிம்மதி.

27 பிப்ரவரி

போட்டோ பார்த்தேன். சேஸ் நான் பயந்த அளவுக்கு இல்ல. பின்பக்க குறுக்குச் சட்டம் மட்டும் ஒட்டுப் போடணும். தரைத் தகடு போயே போச்சு, அதைப் பிறகு பேசுவோம்.

“இடது பக்க சக்கர நட்டு அசையவே மாட்டேங்குது, ரெண்டு பேர் ஏறி மிதிச்சோம்”னு எழுதியிருக்கீங்க. மிதிக்காதீங்க! நட்டு ஏறி நிக்கிற ஸ்டட்டோட நுனியைத் துடைச்சுப் பாருங்க, ‘எல்’னு ஆங்கில எழுத்து இருக்கும். வில்லிஸ்ங்கிற அமெரிக்க ஜீப்போட வழியில வந்த பழைய ஜீப்புல இடது பக்கத்துக்கு இடது மரை. ஓடுற திசையில நட்டு தானா கழலாம இருக்கணும்னு அந்தக் காலத்துல செஞ்ச ஏற்பாடு. நீங்க கழட்டுறதா நினைச்சு இறுக்கிக்கிட்டு இருக்கீங்க. சில வண்டியில நடுவுல யாராவது டிரம் மாத்தி வலது மரை போட்டிருப்பாங்க, அதனால ஒவ்வொரு ஸ்டட்டா பாருங்க.

ஸ்பேனர் விஷயம். உங்க வண்டிக்கு ரெண்டு செட் வேணும். உடம்பு, ஆக்ஸில், ஸ்பிரிங் எல்லாம் இஞ்ச் அளவு. பிஜோ இன்ஜின் மில்லிமீட்டர். கையில இருக்கிற மில்லி ஸ்பேனரை இஞ்ச் நட்டுல போட்டா சிலது ஒத்துப்போகும்: முக்கால் இஞ்சுக்கு 19 சரியா உட்காரும், 5/8-க்கு 16 பரவாயில்ல. ஆனா 9/16-ன்னா 14.3 மில்லி. 14 நுழையாது, 15 வழுக்கி நட்டோட மூலையைத் தின்னுடும். அரை இஞ்சுக்கு 13 போடுறவங்க ஊர் முழுக்க இருக்காங்க, மொண்ணையான நட்டும் ஊர் முழுக்க இருக்கு. பழைய இஞ்ச் செட் சென்னை புதுப்பேட்டையில தேடினா கிடைக்கும்.

6 மார்ச்

இதை முதல் நாளே சொல்லியிருக்கணும்னு ஒரு நண்பர் கீழ கமென்ட்ல திட்டியிருக்கார். நியாயம். ஹேண்ட் பிரேக்.

சிஜே 3பி-யில ஹேண்ட் பிரேக் சக்கரத்துல இல்ல. டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (இன்ஜின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற பெட்டி) பின்னாடி, ஆக்ஸிலைச் சுத்துற புரொப்பல்லர் ஷாஃப்ட் கிளம்புற இடத்துல ஒரு குட்டி டிரம். அது ஷாஃப்டைப் பிடிக்கும், ஷாஃப்ட் ஆக்ஸிலைப் பிடிக்கும். ஷாஃப்ட் மூட்டுல இருக்கிற கிராஸை மாத்தலாம்னு பின் ஷாஃப்டைக் கழட்டின நிமிஷமே ஹேண்ட் பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தம் அறுந்துடும். கியர்ல போட்டிருக்கோமேன்னு நினைப்பீங்க, அதுவும் அதே ஷாஃப்ட் வழியாத்தான். நீங்க அடியில படுத்திருக்கீங்க, வாசல் லேசா சரிவு. அப்புறம் சொல்ல என்ன இருக்கு.

நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை. ஜாக்கியை நம்பி அடியில போகாதீங்க, மரக்கட்டை அடுக்கி அது மேல சேஸை உட்கார வைங்க. செங்கல் கூடாது, திடீர்னு நொறுங்கும். தரை களிமண்ணா இருந்தா பலகை போட்டு அது மேல ஜாக்கி. இல்லேன்னா வண்டி ஏறாது, ஜாக்கி இறங்கும்.

7 மார்ச்

“எங்க ஜீப்புல ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்துலதான் பிடிக்குது”ன்னு எழுதினவருக்கு: உங்களுது பிற்கால வண்டி. ரெண்டும் உண்டு. குனிஞ்சு கேபிள் எங்க போகுதுன்னு பார்த்தா அஞ்சு வினாடி வேலை, இங்க சண்டை போட்டா அரை நாள்.

19 மார்ச்

இன்னிக்கு நீளமா எழுதப் போறேன், பிரேக் பத்தி. டெல்டாவுல ஜீப்பைக் கொல்றது மேடும் பள்ளமும் இல்ல, சேறு. நம்ம களி காய்ஞ்சா வெடிக்கும்னு எல்லாருக்கும் தெரியும். பிரேக் டிரம்முக்குள்ள போனது வெடிக்காது, இறுகி பிரேக் ஷூவோட ஒட்டிக்கும். நான் ஏலத்துல எடுத்த அரசாங்க ஜீப்புல, பின் டிரம்மைக் கழட்டினப்ப ஸ்பிரிங் இருக்கிற இடமே தெரியல. ஒரு உளி எடுத்துச் செதுக்கித்தான் ஷூவைத் தள்ளுற வீல் சிலிண்டரைக் கண்டுபிடிச்சேன்.

டிரம்மைக் கழட்டினதும் ஊதாதீங்க, காத்துப் பம்பும் அடிக்காதீங்க. பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். தண்ணி தெளிச்சு ஈரத்துணியால வழிச்சு எடுங்க.

வீல் சிலிண்டர் உள்பக்கம் விரல் விட்டுப் பாருங்க. வழவழன்னு இருந்தா ரப்பர் கிட் மாத்தினா போதும். சொரசொரன்னு குழி விழுந்திருந்தா கிட் போட்டு பிரயோஜனம் இல்ல, கொஞ்ச நாள்ல மறுபடி ஒழுகும், முழு சிலிண்டரையே மாத்துங்க. ஏன் குழி விழுது? பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், அந்த ஈரம் உள்ள துருப்பிடிக்க வைக்கும். கொதிநிலையும் இறங்கும்: டாட் 3 வகை ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 205 டிகிரியிலதான் கொதிக்கும். ஈரம் குடிச்சதுக்கு வரம்பு 140. அடைமழை மாசத்துல நம்ம ஊர் காத்து எப்படின்னு தெரியும்ல, துவைச்ச வேட்டி மூணு நாளா காயாம தொங்கும். வருஷக்கணக்கா நின்ன வண்டியில இருக்கிறது பிரேக் ஆயிலே இல்ல, பழுப்புத் தண்ணி.

மிதியை மிதிச்சா ஆயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர் உங்க காலுக்குக் கீழ, தரைத் தகட்டுக்கு அடியில சேஸ்ல இருக்கு. வயல்ல இறங்கினா முதல்ல முங்குறது அதுதான். மூடியில ஒரு சின்ன மூச்சு ஓட்டை இருக்கும், அதைச் சேறு அடைச்சிருந்தா பிரேக் பிடிச்சபடியே நிக்கும். ஊசி வெச்சுக் குத்தி விடுங்க.

இன்னொண்ணு, ராத்திரி யோசிச்சா எனக்கே பயமா இருக்கும். இது ஒற்றைச் சுற்று பிரேக். நாலு சக்கரத்துக்கும் ஒரே வழி. ஒரு ஹோஸ் வெடிச்சா நாலும் போச்சு, மிதி தரையைத் தொடும். அதனால ரப்பர் ஹோஸ் பார்வைக்கு நல்லா இருந்தாலும் தூக்கிப் போடுங்க. இரும்புக் குழாயும் முழுசா புதுசு. சிக்கனம் பண்ண நிறைய இடம் இருக்கு, சீட்டு தைக்கிறதுல பண்ணுங்க.

பிரேக் குழாயிலிருந்து காத்து எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்ப தூரத்துல இருக்கிற சக்கரத்துல ஆரம்பிக்கணும். நம்ம வலது கை வண்டிக்கு அது இடது பின் சக்கரம். அப்புறம் வலது பின், இடது முன், கடைசியா வலது முன். மிதிக்க ஆள் வேணும். பொறுமை இல்லாத ஆளை உட்கார வைக்காதீங்க, நீங்க “விடு”ன்னு சொல்றதுக்கு முன்னாடியே விட்டுடுவான், காத்து திரும்ப உள்ள போயிடும்.

20 மார்ச்

எங்க வீட்டுல மிதிக்க வந்தது என் மாமனார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். “விடுங்க மாமா”ன்னா “ஏன்?”னு கேட்பார்.

2 ஏப்ரல்

எலி. இது ஒரு தனி அத்தியாயம்தான். வயல் அறுத்ததும் அதுங்களுக்கு வீடு தேவைப்படுது, நம்ம கொட்டகையில நிக்கிற ஜீப்பு தயார். ஏர் கிளீனர் மூடியைத் திறங்க. வைக்கோல், நெல் உமி, ஒரு குடும்பமே இருக்கலாம். அதைப் பார்க்காம செல்ஃப் அடிச்சா எல்லாம் இன்ஜினுக்குள்ள போகும்.

ஒயரிங்ல ஒட்டுப் போடாதீங்க. எலி கடிச்ச ஒயர் ஒரு இடத்துல தெரியும், தெரியாத இடம் நாலு இருக்கும். இந்த வண்டியில மொத்தமே கொஞ்சம் ஒயர்தான், முழுசா புதுசா இழுத்துடலாம், இது வீட்டுல செய்ய அருமையான வேலை. துரு பிடிச்ச சேஸ்ல எர்த் சரியா வராது. பேட்டரியிலிருந்து சேஸுக்கு, சேஸிலிருந்து இன்ஜினுக்குன்னு ரெண்டு தடி எர்த் கேபிள், உட்கார்ற இடத்தைப் பளபளன்னு தேய்ச்சுட்டு மாட்டுங்க. “செல்ஃப் சரியா சுத்தல”ன்னு வர்ற வண்டியில பாதிக்கு வைத்தியம் இதுதான்.

16 ஏப்ரல்

ஸ்டியரிங். கும்பகோணத்து நண்பர் ஒருத்தர் சுவையான யோசனை சொல்லியிருக்கார், அதுக்காகவே எழுதுறேன்.

முதல்ல பிரச்சினை. முன் குறுக்குச் சட்டத்துல, நடுவுல, ஒரு ‘பெல் கிராங்க்’ இருக்கு. ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வர்ற கம்பி அதை ஆட்டும், அது ரெண்டு சக்கரத்துக்கும் போற கம்பியை ஆட்டும். அதுல ஊசி பேரிங். கிரீஸ் அடிக்க மறந்தா சேறு போய் பேரிங் பொடியாயிடும். ஸ்டியரிங்கைக் கால்வாசி சுத்தினாலும் சக்கரம் சும்மா இருக்கும். அதோட சக்கரம் திரும்புற கிங் பின்னும் தேய்ஞ்சிருந்தா 40 கிலோமீட்டர் வேகத்துல முன்பக்கம் சாமி ஆடும். நிறைய பேர் ஸ்டியரிங் பாக்ஸைப் பிரிச்சுப் பணத்தைக் கொட்டுறாங்க, நோய் இந்தச் சின்ன கிராங்க்ல இருக்கும்.

வைத்தியம்: ஊசி பேரிங்கை எடுத்துட்டு கன்மெட்டல் புஷ் (உலோக வளையம்) போடுறது. நண்பர் சொல்றார், “நாச்சியார்கோவில்ல குத்துவிளக்குப் பட்டறையில ஒரு பித்தளைத் துண்டு வாங்கிக் கடைஞ்சா போச்சு.” ஐயா, விளக்குக்குப் பித்தளை சரி. பித்தளை செம்பும் துத்தநாகமும். கன்மெட்டல் செம்பு 88, வெள்ளீயம் 10, துத்தநாகம் 2. அந்த வெள்ளீயம்தான் தேய்மானத்தைத் தாங்குது. பித்தளை புஷ் பார்க்க அழகா இருக்கும், ஒரு போகம் தாண்டாது. லேத்துக்காரர் கிட்ட “கன்மெட்டல் ராடு, கிரீஸ் போக உள்ள காடி வெட்டிக் கொடுங்க”ன்னு கேளுங்க. கிராங்க் மாட்டுற பின்னையும் கையோட எடுத்துட்டுப் போங்க, பின்னோட அளவுக்குப் புஷ்ஷைக் கடையணும். தேய்ஞ்ச பின்னுக்குப் புது புஷ் போட்டா செஞ்ச செலவு வீண்.

முன் ஆக்ஸில் நுனியில உருண்டையா இருக்கிற நக்கிள், அதோட சீல் போயிருந்தா கிரீஸ் கறுப்புக் கூழா வெளியில ஒழுகும். உள்ள வாய்க்கால் தண்ணி போயிருக்குன்னு அர்த்தம். கழட்டும்போது மேலயும் கீழயும் மெல்லிய ஷிம் தகடுகள் வரும். எது எந்தப் பக்கம்னு கட்டி வைங்க. ஒரு தகடு மாறினாலும் ஸ்டியரிங் கல்லா இருக்கும், இல்லேன்னா தொளதொளன்னு ஆடும்.

17 ஏப்ரல்

கும்பகோணத்துக்காரர் கோவிச்சுக்கிட்டார். விளக்கைக் குறை சொல்லல ஐயா, எங்க வீட்டுலயும் நாச்சியார்கோவில் விளக்குதான் எரியுது.

30 ஏப்ரல்

பாடி இறக்குறது. பிப்ரவரியில கேட்டிருந்தா “வேண்டவே வேண்டாம்”னு சொல்லியிருப்பேன். வீட்டுல பாடியை இறக்கின ஜீப்புல முக்கால்வாசி திரும்ப ஏறல. தகடு ஒரு மூலையில, சேஸ் ஒரு மூலையில, நடுவுல கோழி. ஆனா உங்க புதுப் போட்டோவுல தரைத் தகட்டுக்கு அடியில பாடியைச் சேஸோட பிடிக்கிற பாடி மவுண்ட் எல்லாமே கையோட வருது. மேல இருந்து வெல்டிங் பண்ணா அடியில பாதி விட்டுப் போகும். உங்க வண்டிக்கு மட்டும், சரி, இறக்குங்க. இறக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு போல்ட்டுக்கும் போட்டோ. கொட்டகைக்கு வெளியில சவுக்குக் கம்பு மூணு நட்டு முக்காலி கட்டி செயின் பிளாக் போடுங்க. தென்னையில மாட்டாதீங்க. இன்ஜின் மட்டுமே மூணு நெல் மூட்டை கனம், பக்கவாட்டு இழுப்புக்குக் கஜாவுல தப்பிச்ச தென்னை எப்படி நிக்கும்னு சொல்ல முடியாது.

டிரைவர் சீட்டுக்கு அடியில இருக்கிற டேங்க்ல ஓட்டை இருந்தா வீட்டுல வெல்டிங் வைக்காதீங்க. காலியா இருக்கு, டீசல்தானேன்னு நினைக்க வேணாம், உள்ள நிக்கிற ஆவிதான் வெடிக்கும். புது டேங்க் கட்டித் தர ஆள் இருக்காங்க.

14 மே

“நாலு வீல் போட்டா லீவர் திரும்ப வர மாட்டேங்குது, டிரான்ஸ்ஃபர் கேஸ் போச்சா?” வேற ஒருத்தர் கேள்வி, இங்கேயே பதில். எங்க ஓட்டிப் பார்த்தீங்க? தார் ரோட்டுல. இந்த வண்டியில முன்னுக்கும் பின்னுக்கும் நடுவுல வேக வித்தியாசத்தைச் சமாளிக்கிற டிஃபரன்ஷியல் கிடையாது. திரும்பும்போது முன் சக்கரம் அதிக தூரம் ஓடும், சேத்துல அது வழுக்கிச் சமாளிக்கும், தாருல வழுக்க முடியாம ஷாஃப்ட் எல்லாம் முறுக்கிக்கும். ரிவர்ஸ்ல கொஞ்சம் எடுத்துட்டு லீவரை இழுங்க, வந்துடும். நாலு வீல் சோதிக்கணும்னா அறுத்த வயல்ல சோதிங்க.

மூணு கியர் மட்டும் உள்ள பழைய கியர் பாக்ஸ் இருக்கிறவங்களுக்கு இன்னொரு தகவல்: கியர் பாக்ஸ்ல ஆயில் குறையுது, டிரான்ஸ்ஃபர் கேஸ்ல கூடுதுன்னா மாயம் எதுவும் இல்ல, நடுவுல சீல் தேய்ஞ்சு அங்கிருந்து இங்க போகுது. ரெண்டையும் ஒண்ணாவே பார்த்து ஊத்துங்க.

12 ஜூன்

மேட்டூர் திறந்தாச்சு. கல்லணைக்கு வர மூணு நாலு நாள், உங்க கடைமடைக்கு வர எப்பவோ. எனக்கு நாத்தங்கால் வேலை இருக்கு, இனி சுருக்கமாத்தான் எழுதுவேன்.

ஒரே ஒரு அவசரம். சேஸுக்கு ரெட் ஆக்சைடு பிரைமர் அடிச்சு ஒரு மாசமா அப்படியே விட்டிருக்கீங்களே? பிரைமர் தண்ணியைத் தடுக்காது, உறிஞ்சும். மேல எனாமல் ஏறினாத்தான் காப்பு. ஐப்பசி மழைக்கு முன்னாடின்னு இழுக்காதீங்க, இந்த வெயில்லயே முடிங்க.

9 ஜூலை

இன்ஜின்! இப்ப தொடலாம். நீங்க எதிர்பார்த்த அளவுக்கு இதுல எழுத ஒண்ணும் இல்ல.

பழைய டீசலை வடிச்சுட்டு, ஃபில்டர் மாத்தி, ஹேண்ட் பம்ப் அடிச்சு ஃபில்டர் தலையில இருக்கிற திருகுல முதல்ல காத்து எடுங்க, பிறகு பம்புல. நுரை நின்னு குமிழி இல்லாத டீசல் வரணும். கடைசியா டீசலைப் பீச்சுற இன்ஜெக்டரோட நட்டைத் தளர்த்தி செல்ஃப் அடிச்சா அங்கேயும் வரும். கையை அது முன்னாடி நீட்டாதீங்க. ஹீட்டர் பிளக் நாலும் சூடாகுதான்னு தனித்தனியா பாருங்க, இந்த பிஜோ எக்ஸ்டிபி 4.90 இன்ஜினுக்கு அது இல்லாம காலையில உயிர் வராது. முதல்ல கையால ஒரு சுத்து சுத்தி, இறுகாம இருக்கான்னு பார்த்துட்டு செல்ஃப்.

பம்பையும் இன்ஜெக்டரையும் மட்டும் வீட்டுல பிரிக்காதீங்க. அது டீசல் பம்புக் கடை வேலை, மெஷின்ல வெச்சுத்தான் அளக்கணும். ரேடியேட்டருக்கு உங்க ஊர் போர் தண்ணி வேண்டாம், உப்பு. கூலன்ட் கலந்து ஊத்துங்க.

10 ஜூலை

கிளம்பிடுச்சா? சந்தோஷம். தெருமுனைக்குப் போனீங்களா? போயிருப்பீங்க. இப்ப பிரேக் இருக்கு, போகலாம்.

23 ஜூலை

டிஸ்க் பிரேக், பவர் ஸ்டியரிங், ஏசி போடலாமான்னு கேட்டவருக்கு: போடலாம். கார் வாங்கலாம், அதுலயும் இருக்கு.

20 ஆகஸ்ட்

கடைசி கட்டம், காகிதம். 15 வருஷம் தாண்டின சொந்த வண்டிக்குப் பதிவு புதுப்பிக்கணும், ஒரு தடவைக்கு 5 வருஷம். 2022 ஏப்ரல் 1-ல கார் வகைக்கு கட்டணத்தை 600-லிருந்து 5000 ஆக்கினாங்க, தாமதத்துக்கு மாசம் 500 தனின்னும் வெச்சாங்க; இன்னிக்கு என்ன கட்டணம்னு ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுக்கோங்க. கஜாவிலிருந்து நிக்கிற வண்டின்னா கூட்டிப் பார்த்துட்டு உட்கார்ந்து மூச்சு விடுங்க. வீட்டு ஆளுங்க கிட்ட உதிரிபாகம்னு சேர்த்துச் சொல்லிடலாம்.

உங்க ஆர்சியில டீசல்னு ஏறியிருக்குன்னு எழுதியிருக்கீங்க, அப்பாவுக்கு ஒரு கும்பிடு. இல்லேன்னா வண்டியை மாத்துறதைக் கட்டுப்படுத்துற மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுல போய் மாட்டியிருப்பீங்க.

22 ஆகஸ்ட்

ராணுவப் பச்சை அடிக்கலாமான்னா, கூடாது. மத்திய மோட்டார் வாகன விதி 121, ஆலிவ் பச்சை ராணுவ வண்டிக்கு மட்டும். ஆர்சியில எந்தக் கலர் இருக்கோ அதையே அடிங்க, ஒரு விண்ணப்பம் மிச்சம். தாத்தா வாங்கினப்ப என்ன கலர்னு பாட்டியைக் கேளுங்க, ஆர்சியில இருக்கிறதோட ஒத்துப்போகுதான்னு பார்ப்போம்.